முபீனின் பெயரில் எடுத்த படங்கள்

சாய்ந்தமருதில் பெண்கள் பகுதிக்குப் படமெடுக்கிறவள் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். ஸம்றா. வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள், அதையும் நான் மறுப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம். பெண்கள் மண்டபத்துக்குள் மீசை அரும்பிய பொடியன்கூட எட்டிப்பார்க்க முடியாது. அங்கேதான் அபாயாக்கள் கழன்று, தலைமுடியும் தங்கமும் வெளிச்சத்துக்கு வரும். அந்தக் கோலத்தைப் படம்பிடித்து, வீட்டாரிடம் ஒப்படைத்து, அவர்கள் கண்ணெதிரே என்னிடம் உள்ளதை அழித்துவிட்டு வருவது என் தொழில். திறமையெல்லாம் இரண்டாம் பட்சம். நம்பித் தந்ததைக் காக்கிறவள், அமானிதம் பேணுகிறவள் என்ற பெயர்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தப் பெயர் போனால் மறுநாளிலிருந்து என் போன் அடிக்காது.

கடற்காற்றின் உப்பு குடித்துக் குடித்து என் பழைய கெமரா செத்துப்போனபோது, கல்முனையில் பஸால் காக்காவின் கடைக்குப் போனேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். கண்ணாடிக்குள் இருந்த ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். சொன்னார். இரண்டாம் தரமும் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

“இது வெல இல்ல புள்ள, இது வரி,” என்றார் பஸால் காக்கா. “சாமானுக்குச் சுங்கம். நடுவுல துறைமுக வரி. எல்லாத்தையும் சேத்துக் கூட்டி அதுக்கு மேல வற் என்டு இன்னொரு வரி. வரிக்கும் வரி கட்டித்தான் இது இந்தக் கண்ணாடிக்குள்ள வந்திரிக்கி. டொலர் ஏறினதச் சொல்லவே தேவல்ல.”

“அப்ப பழசு ஒன்டு பாத்துத் தாங்க.”

“புதுசு மரத்துல ஏறினா பழசு தரையிலயா நிக்கும்? அதுவும் பின்னாலயே ஏறிட்டு. லென்ஸ் வெலயக் கேட்டுராத, மயங்கி உழுந்திருவாய்.”

இதே கெமரா தோஹாவில் ஏறக்குறையப் பாதி விலை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வளைகுடாவிலிருந்து இறங்கும் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கழுத்தில் கெமராவோடுதான் இறங்குவார்கள். சொந்தப் பாவனைப் பொருள் என்றால் வரி கேட்கமாட்டார்கள். சுங்கம் உயர உயர எங்கள் ஊரில் படக்கலைஞர்கள் பெருகுவது இப்படித்தான். ஒரு படம் எடுக்கத் தெரியாதவனும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது கலைஞன்.

எனக்கு முபீன் காக்கா கிடைத்தார். எங்கள் வீட்டுக்குப் பின் சந்தில், ஒழுங்கையில் இருக்கும் ஜுனைதா ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது கணவர். தோஹாவில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. லீவில் வர இருந்தவரிடம் கேட்டேன். “கொஞ்ச நாள் பாவிச்சி, ரெண்டு கீறல் உழுத்தி, கழுத்துல போட்டுக்கிட்டு வாங்க காக்கா,” என்றேன். “சரி தங்கச்சி, பாப்பம்,” என்று இழுத்தார். காசை ராத்தாவிடம் கொடுத்து வைத்தேன்.

கொண்டுவந்தார். ராத்தாவின் வீட்டு வாசலில் வைத்துக் கையில் தரும்போது ஒரு விசித்திரம் செய்தார். கெமராவை உடனே விடாமல் பிடித்துக்கொண்டு, “நான் இத உனக்கு வித்தன். வாங்கினன் என்டு சொல்லு,” என்றார். மாடு விற்கிற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே, “வாங்கினன் காக்கா,” என்றேன். அப்போதுதான் பிடியை விட்டார்.

லீவு முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. வெயில் காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்து படுத்தவர் எழும்பவேயில்லை என்று செய்தி வந்தது. அங்கேயே அடக்கினார்கள். இங்கே யாரும் ஜனாஸா முகம் பார்க்கவில்லை. ஜுனைதா ராத்தா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத காலம். அவருடைய மகள் அப்ராவுக்கு ஆறு வயது. சாம்பிராணி வாசமும் ஓதல் சத்தமுமாக அடைந்து கிடந்த வீட்டில் அந்தப் பிள்ளை சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றதைக் காணப் பொறுக்கவில்லை. கலியாணங்களுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். புரியாணி தின்னும், மற்றப் பிள்ளைகளோடு ஓடும், கொஞ்சம் சிரிக்கும் என்று நினைத்தேன்.

முதலில் கூட்டிப்போனது கல்முனையில் ஸுல்பிகா மாமியின் மகள் கலியாணத்துக்கு. ஸுல்பிகா மாமி எனக்கு உறவில்லை. ஊரில் பெரிய குடும்பம், அதனால் எல்லாருக்கும் மாமி.

இந்தக் கெமராவின் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அது முகங்களைத் தானாகத் தேடிப் பிடித்துக் கண்ணில் போய் நிற்கும். கட்டம் நிற்கிற முகம் தெளிவாக விழும், மற்றவை மங்கிவிடும். மாதக்கணக்கில் அது எனக்கு ஒழுங்காகத்தான் உழைத்தது. அன்று மணப்பெண் மேடையில் பட்டும் பூவுமாக இருக்கிறாள், கட்டம் அவள் கண்ணில் நிற்கிறது, நான் பொத்தானை அமத்தப் போகிறேன், கட்டம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற மாமிகளைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, தூணருகில் நின்று ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்த ஒரு சின்ன முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அப்ரா.

திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடியும் போனது. இடம் மாறி நின்றேன். அப்ரா கூட்டத்துக்குள் மறைந்தால் கட்டம் மணப்பெண்ணில் நிற்கும். பிள்ளையின் தலை தெரிந்தால் போதும், அங்கே ஓடும். ஒரு தரம் அவள் நேராக என்னைப் பார்த்து, ஐஸ்கிறீம் கரண்டியை வாயிலிருந்து எடுத்து, கை காட்டினாள். எனக்கு அல்ல. கெமராவுக்கு.

“என்ன புள்ள?” என்று கிட்டப் போய்க் கேட்டேன்.

“வாப்பா என்னத் தேடுறார் சாச்சி,” என்றாள். ஐஸ்கிறீம் இனிக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

பொய் சொல்லவில்லை, எனக்கு ஓடிப்போகத் தோன்றியது. மிச்சப் படங்களைக் கட்டத்தை விரலால் இழுத்து வைத்து வைத்தே எடுத்து முடித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், முதலில் எடுத்தவற்றில் மணப்பெண் புகைபோல இருக்கிறாள். தூரத்தில் அப்ராவின் இமைமயிர் எண்ணலாம்.

மறுநாளே பஸால் காக்காவிடம் ஓடினேன். அவர் கெமராவைத் தன் முகத்தில் பிடித்துப் பார்த்தார், றோட்டில் போகிறவர்களில் பார்த்தார். “நல்லாத்தானே புடிக்கிது. உனக்குக் கண்ணுல ஏதும் பிழையோ?” என்றார். கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “கழுத்துல வந்த சாமானுக்கு வாரண்டி எங்க இரிக்கி? அனுப்பினா எப்பிடி வந்த என்டுதான் முதல்ல கேப்பானுகள். பேசாம வெச்சிரு. இப்ப இதிட வெல இன்னும் ஏறிட்டு.”

வைத்துக்கொண்டேன். வேறு வழி? அடுத்த கலியாணத்திலும் அதே கதை. ஒரு தரம் அப்ராவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கட்டம் பசுப்போல மணப்பெண்ணிலேயே நின்றது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பழுது என்றால் எல்லா நாளும் பழுதாக இருக்க வேண்டுமே. அன்றிலிருந்து கெமராவைத் திறக்கும் முன் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிக்கொண்டேன். ஊதியும் அது அப்ராவைத்தான் தேடியது. இரவில் அதை அலுமாரிக்குள் துணி சுற்றி வைத்தேன், கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்தபடி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் ஸுல்பிகா மாமி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஸலாம் சொன்ன குரலிலேயே நெருப்பு இருந்தது. கையில் மடிக்கணினி.

“கதவச் சாத்து,” என்றார். “இந்தப் படங்கள ஆரு எடுத்த?”

“நான்தான் மாமி. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்ட.”

“அப்ப முபீன் ஆரு?”

மாமி கணினியைத் திறந்து காட்டினார். அவருடைய இளைய மகள் அல்பம் செய்யும்போது ஒரு படத்தின் விவரங்களைத் திறந்திருக்கிறாள். எடுத்த திகதி, நேரம், கெமராவின் வகை. அதற்குக் கீழே உரிமையாளர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். முகம்மது முபீன். அடுத்த படத்தைத் திறந்தார். முகம்மது முபீன். மகள் தலைமுடி விரித்து இருந்த படம், மருதாணிக் கை காட்டிய படம், மாமியே சேலையோடு சிரித்துக்கொண்டு நின்ற படம், எல்லாவற்றிலும் முகம்மது முபீன்.

“பொம்புளட மண்டபத்துக்குள்ள ஆம்புளய எப்பிடிப் புகுத்தின? பர்தா போட்டுக் கூட்டி வந்தியா? இல்ல, படங்கள ஆம்புளட்டக் குடுத்துத்தான் திருத்தி எடுக்கிறியா? அமானிதம், அமானிதம் என்டு வாய் கிழியக் கதைச்சியே!”

நான் திகதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திகதியில் முபீன் காக்கா மண்ணுக்குள். கடலுக்கு அப்பால், யாரும் பார்க்காத ஒரு கபுறில். இந்தக் கெமரா வந்த நாளிலிருந்து நான் எடுத்த எல்லாப் படத்திலும் அவருடைய பெயர் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை வீடுகள், எத்தனை மணப்பெண்கள். மாமி ஒரு வார்த்தை வெளியே விட்டால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை என் கதை முடிந்தது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் வேறு கொடுக்க வேண்டுமா?

“மாமி, அவர் மௌத்தாகிட்டார்,” என்றேன். “என்னோட வாங்க. ஒரு எட்டு ஒழுங்கைக்குள்ள வந்து கேளுங்க. பொறகு என்னச் சொல்றதச் சொல்லுங்க.”

மாமி வந்தார். சந்தேகம் தீர வந்தாரா, சண்டை பிடிக்க வந்தாரா தெரியாது. ஜுனைதா ராத்தா முன்னறையில் பாயில் இருந்தார். அப்ரா குர்ஆன் ஓதப் போயிருந்தாள். மாமி வெள்ளைச் சேலையைக் கண்டதும் குரலை இறக்கிக்கொண்டார். நான்தான் விசயத்தைச் சொன்னேன். கட்டம் அப்ராவைத் தேடுவதையும் சொன்னேன். அவ்வளவு நாளும் அவரிடம் சொல்லப் பயந்திருந்தேன்.

ராத்தா கெமராவைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவருக்குப் பொய் சொல்ல வராது மாமி,” என்றார். “இவள் கேட்ட நாளயில இருந்து அதே யோசின. ‘ஏர்போட்டுல இது ஆர்ட என்டு கேட்டா, என்ட என்டு சொல்லணும். ஸம்றாட சாமான என்ட என்டு எப்பிடிச் சொல்ற?’ என்டு என்ட உசிர எடுத்தார். பொறகு ஒருநாள் சந்தோசமாப் போன் எடுத்தார். இவள்ட சல்லியத் தொடாம, தன்ட சம்பளத்துல வாங்கிட்டாராம். ‘இப்ப இது என்டதான். வீட்ட வந்து அவளுக்கு விப்பன். பொய்யே இல்ல’ என்டார்.”

வாசலில் என்னை ‘வாங்கினன்’ என்று சொல்ல வைத்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் சிரித்ததை நினைத்துக் கூசிப்போனேன்.

“பேர்?” என்று கேட்டார் மாமி.

“அவர்ட சாமான்ல அவர்ட பேர் இரிக்கணும்தானே என்டு, கூட வேல செய்ற மலையாளப் பொடியனக் கொண்டு கெமராவுக்குள்ள எழுதிவிச்சார். அந்தப் பொடியன்தான் சொல்லிக் குடுத்திரிக்கான், முகத்தப் பதிஞ்சி வெச்சா கெமரா அந்த முகத்தத்தான் முதல்ல தேடும் என்டு. வீடியோ கோல்ல எங்க ரெண்டு பேரயும் அசையாம இரிக்கச் சொல்லிட்டு, போனுக்கு நேர கெமராவப் புடிச்சிப் பதிஞ்சார். ‘இனி எங்க நின்டாலும் வாப்பா உன்னக் கண்டு புடிப்பன்’ என்டு புள்ளட்டச் சொன்னார்.”

“ஏர்போட்டுல என்ன கேட்டானுகளாம்?” என்றேன்.

“ஒருத்தனும் கேக்கல்ல,” என்றார் ராத்தா. “போ போ என்டு கைய காட்டி உட்டுட்டானுகளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.”

ஸுல்பிகா மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“உன்ட மாப்புள நல்ல மனிசன் மகள். அல்லாஹ் அவர்ட கபுற வெளிச்சமாக்குவான். ஆனா எங்கட புள்ளயள்ட முடியும் உடம்பும் அந்நிய ஆம்புளட பேருல இரிக்கேலா. அது அவருக்கும் பாரம். ஸம்றா, என்ட கண்ணுக்கு முன்னால எல்லாத்தயும் அழி. பேரயும், உள்ள இரிக்கிற முகத்தயும். எங்கட படங்களுக்கும் பேர எடுத்துத் தா. நீ சுத்தம் என்டு நானே நாலு பேருக்குச் சொல்றன்.”

“பேர அழிக்கிறன் மாமி. முகத்த அழிக்கத் தேவல்ல. தேடாம நிப்பாட்டி வெக்கலாம்.”

“அணைச்ச வெளக்க ஆரும் பத்த வெக்கலாம். மௌத்தானவர் புள்ளயத் தேடுற கெமரா என்டு ஒரு கதை போனா எந்த மணப்பொண்ணு உனக்கு முன்னால இரிப்பாள்? இல்லாட்டி இத ஜுனைதாட்டயே குடுத்துட்டு வேற ஒன்டு வாங்கன்.”

நான் விலையைச் சொன்னேன்.

“யா அல்லாஹ்! வீடு கட்ட வளவொன்டு வாங்கலாமே!” என்று மாமி நெஞ்சில் கை வைத்தார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமி மீது அல்ல. கொழும்பில் எங்கேயோ குளிரறையில் இருந்து, பணக்காரன் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வரிக்கு மேல் வரி எழுதியவன் மீது. அந்த வரி இல்லாவிட்டால் முபீன் காக்கா இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கமாட்டார். அந்த வரி இல்லாவிட்டால் நானும் இந்தக் கெமராவை அப்படியே ராத்தாவின் மடியில் விட்டுவிட்டு, கல்முனைக்குப் போய் வேறொன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். இது போனால் தொழில் போகும், அழிக்காவிட்டாலும் தொழில் போகும்.

“அழி புள்ள,” என்றார் ராத்தா. “நீயும் சாப்பிடணும். அதுக்கு முதல் ஒருக்கா என்னக் காட்டு.”

கெமராவை அவர் பக்கம் திருப்பினேன். வெள்ளைச் சேலை, பூச்சில்லாத முகம், அழுதழுது வீங்கிய இமை. கட்டம் ஒரு கணமும் தயங்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமியை விட்டுவிட்டு நேராக ராத்தாவின் கண்ணில் போய் நின்றது. திரையை அவருக்குத் திருப்பிக் காட்டினேன். ராத்தா பார்த்தார். பிறகு மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி, நெற்றியில் விழுந்த முடியைச் சேலைக்குள் தள்ளி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. அழுதேன்.

பெயரை அழித்தேன். பதிந்த முகங்கள் இருந்த இடத்தைத் திறந்தால் தபால் முத்திரை அளவில் இரண்டு. போன் திரையின் மினுக்கத்தோடு ராத்தா. முன் பல் விழுந்த சிரிப்போடு அப்ரா. அழிக்கவா என்று கெமரா கேட்டது. மாமி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று அமத்தினேன்.

மாமி சொன்ன சொல் தவறவில்லை. என்னைப் பற்றி நல்லதாகவே நாலு பேருக்குச் சொன்னார். போன் அடித்தது. பழைய வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய்ப் படங்களிலிருந்து பெயரை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த கலியாணம் மருதமுனையில். அப்ரா காலையிலேயே தலை சீவி, பூப்போட்ட சட்டையோடு வாசலில் நின்றாள். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

மணப்பெண் மேடையில் இருந்தாள். கட்டம் அவள் கண்ணில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு படமும் கண்ணாடிபோல விழுந்தது. தொழில்காரி மகிழ வேண்டிய நாள். நான் கெமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பின்னால் அப்ரா வந்து நின்றாள். கட்டம் அசையவில்லை. இடப்பக்கம் போனாள். வலப்பக்கம் வந்தாள். எட்டி எட்டிக் குதித்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். மணப்பெண்ணின் தோழிகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு என்னிடம் வந்து அபாயாவைப் பிடித்து இழுத்தாள். “சாச்சி, வாப்பா என்னப் பாக்குறாரில்ல.”

“பாக்குறார் புள்ள. அங்க போய் நில்லு,” என்றேன். வேறு என்ன சொல்ல?

தூணருகில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், வீடியோ கோலில் இருக்கச் சொன்ன மாதிரி அசையாமல் நின்றாள். நான் பெருவிரலால் கட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கண்ணில் வைத்து, ஒரு படம் எடுத்தேன். ஓடிவந்து திரையைப் பார்த்தாள். நல்ல படம். இமைமயிர் தெளிவாக இருந்தது. அவள் படத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். அதன்பிறகு என் பெருவிரலைப் பார்த்தாள்.

“இது வாப்பா இல்ல,” என்றாள். “இது நீங்க.”

அழவில்லை. ஐஸ்கிறீமும் கேட்கவில்லை. போய்ப் பின்வரிசை நாற்காலி ஒன்றில், மேடைக்கு முதுகு காட்டி இருந்துகொண்டாள். மணப்பெண்ணின் உம்மா குடும்பப் படத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். அன்றிலிருந்து அப்ரா எந்தப் படத்துக்கும் முகம் காட்டுவதில்லை.